ஏட்டம்மா வீட்டுப் பாம்புச் செவி

"ஏ பச்சைச் சுடிதாரு! போதும் தாயி, வெளிய வா. கண்ணாடி போட்ட ஆச்சி, கம்பியப் பிடிச்சிக்கிடுங்க. ஏட்டி ரோஸ் கலரு, உன்னத்தான்! தலையில என்னது நுரை? ஷாம்பா? இங்கன கொண்டா அத!"

குற்றாலம் மெயினருவியில் பெண்கள் குளிக்கும் பக்கத்தில், நனைந்த மழைக்கோட்டோடு நின்று ஆனந்தவள்ளி ஒரு குரல் கொடுத்தால், பச்சைச் சுடிதார் போட்டவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் அத்தனை பேரும் வெளியே வந்துவிடுவார்கள். அருவிக்கு அடியில் நிற்பவளுக்கு அருவியைத் தவிர வேறெதுவும் கேட்காது என்பார்கள். தலைமைக் காவலர் ஆனந்தவள்ளியின் குரல் கேட்கும். சீசனுக்கு வெளியூரிலிருந்து பந்தோபஸ்துக்கு வரும் காவலர்கள் விசிலை ஊதி ஊதிக் கன்னம் வலித்து நிற்கையில், இவள் அதைத் தொடுவதே இல்லை. "எதுக்கு அத எச்சிப் பண்ணிக்கிட்டு?" என்பாள்.

பறித்த ஷாம்பு பொட்டலங்களைக் காக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாள். எடுத்து எறிய மறந்துபோகும். வீட்டில் சட்டையை ஊறப்போட்டால் வாளி பொங்கி, நுரை பின்வாசல் வரைக்கும் ஊர்ந்துவரும்.

உட்கார மாட்டாள். டீக்கடையில் கிளாஸை வாங்கினால் குடித்துக்கொண்டே நடப்பாள்; சிப்ஸ் கடைகளைத் தாண்டி, ரம்புட்டான் குவித்து வைத்திருக்கும் வண்டிகளைத் தாண்டி, எங்கே கிளாஸ் காலியாகிறதோ அங்கே வைத்துவிட்டு வருவாள். டீக்கடைக்காரர் சாயங்காலம் ஒவ்வொரு கடையாகப் போய்த் தன் கிளாஸைப் பொறுக்கி வருவார். மேலகரம் வீட்டில் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்தபடியே சாப்பிடுவாள். பஸ்ஸில் இடம் காலியாகக் கிடந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கேட்டால், "உக்காந்தா காலு மரத்துப் போவுது" என்ற ஒரே பதில்தான்.

அருவிக்காக வளர்ந்த குரலை வீட்டுக்கு வந்ததும் இறக்கிவைக்க அவளுக்குத் தெரியவில்லை. இன்றைக்கு என்ன குழம்பு, எந்த எஸ்.ஐ. யாரைத் திட்டினார், பிள்ளை எத்தனை இட்லி சாப்பிட்டது என்பதெல்லாம் தெரு முழுக்கத் தெரியும். கணவன் இசக்கிராஜா ராணுவத்தில் அஸ்ஸாமில் இருக்கிறான். அவள் அவனோடு பேசுவதைக் கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டு ஹைருன் பீவி தையல் மிஷினை நிறுத்தாமலே சொல்வாள்: "போனைக் கீழ வச்சிட்டே பேசேன் வள்ளி. அஸ்ஸாமுக்குத் தானா போய்ச் சேந்துரும்."

அவர்களுக்கு ஒரே பெண், அபர்ணா. இரண்டாம் வகுப்பு.

அபர்ணா பிறந்தபோது மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. உள்ளே அண்ணத்திலும் பிளவு. அவளால் மார்பில் பால் இழுக்க முடியவில்லை. விழுங்கியதில் பாதி மூக்கு வழியாக வந்தது. ஆனந்தவள்ளி பாலைப் பீய்ச்சி, பாலாடைச் சங்கில் எடுத்து, பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, சொட்டுச் சொட்டாக விட்டாள். அதையும் நடந்துகொண்டேதான் செய்தாள். பார்க்க வந்தவர்கள் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "மாசமா இருக்கும்போது கிரகணத்துல வெளிய போனியோ?" என்று கேட்டார்கள்.

"நான் போலீசு. கிரகணத்துக்கெல்லாம் எனக்கு லீவு கிடையாது" என்றாள் ஆனந்தவள்ளி.

சில மாதங்களில் திருநெல்வேலி ஆஸ்பத்திரி ஒன்றில் உதட்டைத் தைத்தார்கள். ஒரு வயது கழிந்து அண்ணத்தை மூடினார்கள். உதட்டின் மேல் வெள்ளை நூல் ஒட்டினாற்போல ஒரு தழும்பு மிஞ்சியது. பேச்சு வரத் தொடங்கியபோது காற்று முழுக்க மூக்கு வழியாகப் போனதால் 'ப' எல்லாம் 'ம' ஆயிற்று. போனில் இசக்கிராஜாவைப் பார்த்து, "அம்மா, அம்மா" என்பாள். "ரெண்டு பேரும் அம்மாவா? அப்ப நான் யாரு வீட்டு ஆளுவே?" என்று அவன் சிரிப்பான், சிரித்துவிட்டுத் திரையிலிருந்து முகத்தை விலக்கிக்கொள்வான். பேச்சுப் பயிற்சிக்குப் போய், மெழுகுவத்தி ஊதி, கண்ணாடிமுன் உட்கார்ந்து பழகி, நாலு வயதில் ஒருநாள் 'அப்பா' சரியாக வந்தது. அன்றைக்கு அந்தத் தெருவில் எல்லார் வீட்டுக்கும் ஆனந்தவள்ளி கேசரி கொடுத்தாள்.

எல்லோருடைய கண்ணும் பிள்ளையின் வாயில்தான் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காதையும் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் அனுப்பினார்கள். முதலில் போனாள். பிறகு தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் பந்தோபஸ்து, தேர்தல், சீசன் என்று தள்ளிக்கொண்டே போயிற்று. கூப்பிட்டால் பிள்ளை திரும்புகிறாள். காதில் என்ன குறை இருந்துவிடப் போகிறது?

குறையாவது! போன வருஷத்து சீசனில் நடந்ததை ஆனந்தவள்ளி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் ஹைருன் பீவி அபர்ணாவை அருவிக்குக் கூட்டி வந்திருந்தாள். அபர்ணாவுக்கு அந்த இடம் உயிர். வீட்டிலும் வகுப்பிலும் வாய் பார்த்து நிற்கிற பிள்ளை அங்கே மட்டும் ராணி மாதிரி இருப்பாள். அன்றைக்கு நல்ல கூட்டம். போலீஸ் பூத்துக்குப் பக்கத்துத் திண்டில் உட்கார்ந்திருந்தவள், திடீரென்று இறங்கி ஓடிவந்து அம்மாவின் மழைக்கோட்டை இழுத்தாள்.

"அம்மா, அந்தச் செவப்புச் சேலை அத்தை பிள்ளையக் காணோம்ங்கா."

தண்ணீருக்குள் அந்தப் பெண் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். குளிரில் கத்துகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பக்கத்தில் நின்றவர்களுக்கே ஒன்றும் கேட்கவில்லை. ஆனந்தவள்ளி பாய்ந்துபோய்க் கூட்டத்தை விலக்கினாள். ஆண்கள் பக்கத்துப் படியில், வழுக்கும் பாறையை ஒட்டி, ஒரு குட்டிப் பெண் ஈரத்தோடு நின்று அழுதுகொண்டிருந்தது. இன்னும் இரண்டு எட்டு வைத்திருந்தால் தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

அவ்வளவு தூரத்திலிருந்து, அத்தனை இரைச்சலில், இந்தப் பிள்ளைக்கு மட்டும் எப்படிக் கேட்டது? இன்ஸ்பெக்டர் அபர்ணாவுக்குப் பெரிய சாக்லேட் வாங்கிக் கொடுத்தார். "எம் பிள்ளைக்குப் பாம்புச் செவி!" என்று ஆனந்தவள்ளி சொன்னது குற்றாலநாதர் கோயில் வாசல்வரைக்கும் கேட்டிருக்கும்.

இந்த வருஷம் பள்ளிக்கூடத்திலிருந்து குறை வர ஆரம்பித்தது. வகுப்பாசிரியர் மந்திரமூர்த்தி சாந்தமான மனிதர். பிள்ளைகளை அடிக்கமாட்டார், அதட்டவும் மாட்டார். கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே மென்மையாகப் பேசுவார். உயரமான பிள்ளை என்று அபர்ணாவைக் கடைசி வரிசையில் உட்காரவைத்திருந்தார்.

"நல்ல பிள்ளைதாம்மா, கவனந்தான் இல்ல. கூப்பிட்டாத் திரும்ப மாட்டுக்கா. 'பல்'லுன்னு சொன்னா 'கல்'லுன்னு எழுதுதா. எல்லாரும் சிரிச்சாச் சிரிக்கா, ஆனா எதுக்குன்னு கேட்டா முழிக்கா."

"அவ அப்பன் பிடிவாதம் சார். நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் ஆனந்தவள்ளி.

வீட்டுக்கு வந்து மகளை நேரே நிறுத்தி, அருவிக்குரலில் ஒரு பிடி பிடித்தாள். அபர்ணா ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டாள். சரிசரி என்று தலையாட்டினாள். மறுவாரம் அதே புகார் வந்தது.

ஆடியில் சாரல் விடாமல் அடித்தது. தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தொடுவதும் இறங்குவதுமாக இருந்தது. தடை போட்டால் குளிக்கிறவர்களை வெளியே ஏற்ற வேண்டும். எடுத்தால் தள்ளுமுள்ளை அடக்க வேண்டும். ஓயாமல் கத்தியதில், ஒருநாள் மத்தியானம் "ஏ நீலச் சட்டை" என்று தொடங்கிய ஆனந்தவள்ளிக்குக் காற்றுதான் வந்தது. தென்காசியில் தொண்டையைப் பார்த்த டாக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்: "கத்தக் கூடாது. குசுகுசுன்னும் பேசக் கூடாது. அவசியம்னா மெள்ள ஒரு வார்த்தை. இல்லைன்னா இருக்கிற குரலும் போயிடும்."

மறுநாள் சாயங்காலம் வீட்டில் அபர்ணா வாசல் பக்கம் பார்த்துத் தரையில் உட்கார்ந்து, மயிலுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். ஆனந்தவள்ளி அடுக்களையிலிருந்து மெள்ளச் சொன்னாள்.

"அபர்ணா, பால் ஆறுது பாரு."

அவள் திரும்பவில்லை.

"அபர்ணா, உன்னத்தான்."

பச்சைப் பென்சிலை வைத்துவிட்டு நீலத்தை எடுத்தாள். ஆனந்தவள்ளிக்குச் சுர்ரென்று ஏறியது. மந்திரமூர்த்தி சார் சொன்னது சரிதான்; குரல் இல்லை என்றதும் இந்தச் சுண்டைக்காய்க்கு அம்மா இளக்காரமாகப் போய்விட்டாள். கையை ஓங்கிக்கொண்டு பின்னால் போனாள். தரையில் விழுந்த நிழலைப் பார்த்துத்தான் அபர்ணா திரும்பினாள். முகத்தில் பயம் இல்லை, கள்ளம் இல்லை. சிரித்தாள்.

"என்னம்மா? எப்ப வந்த?"

ஓங்கிய கை இறங்க இடமில்லாமல் நின்றது. அம்மா அடுக்களையில்தான் இத்தனை நேரமும் இருந்தாள் என்பதே பிள்ளைக்குத் தெரியவில்லை.

அவள் திரும்பி மயிலிடம் போனதும் ஆனந்தவள்ளி ஒரு எட்டுப் பின்னே போனாள். "சாக்லேட் வேணுமா அபர்ணா?" பதில் இல்லை. பக்கவாட்டில் போய்ச் சொன்னாள். பதில் இல்லை. எதிரே போய் அதே குரலில் சொன்னாள். "ம், வேணும்!" என்று பிள்ளை துள்ளி எழுந்தாள். ஒரு கரண்டியைக் கீழே போட்டாள். பிள்ளை சட்டென்று திரும்பினாள். கரண்டி கேட்கிறது, அம்மா கேட்கவில்லை. அறையின் எல்லா மூலைகளிலிருந்தும், கதவுக்குப் பின்னாலிருந்தும், ஜன்னலுக்கு வெளியே போய் நின்றும் கூப்பிட்டாள். இது ஏதோ விளையாட்டு என்று அபர்ணாவும் எழுந்து அவள் பின்னாலேயே சுற்றத் தொடங்கினாள். உரக்கக் கூப்பிட முடியாமல் தாயும் என்ன விளையாட்டென்று தெரியாமல் மகளும் அந்தச் சின்ன வீட்டை வளைய வளைய வந்தார்கள்.

ஹைருன் பீவியிடம் சொன்னபோது அவள் ஊசியில் நூல் கோர்ப்பதை நிறுத்தினாள்.

"அவளத் தொட்டுட்டுத்தானே வள்ளி பேசணும்? நான் எப்பவும் தோளத் தொட்டுட்டு, மூஞ்சப் பாத்துத்தான் பேசுவேன். இல்லைன்னா வேற எங்கேயோ இருப்பா. அது அவ சுபாவம்னுல்லா நினைச்சேன்."

"எங்கிட்ட அப்பிடி இல்லையேக்கா" என்றாள் ஆனந்தவள்ளி, வராத குரலில்.

"உன் சத்தத்துக்குச் செங்கோட்டையில இருக்கவன் திரும்புவான்."

திருநெல்வேலியில் காது டாக்டரம்மா அபர்ணாவின் தலையில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார். பிள்ளை மும்முரமாகக் காத்திருந்தாள். பொத்தான் அமுங்காமல் நேரம் போய்க்கொண்டே இருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற ஆனந்தவள்ளிக்கு, உள்ளே போய் அந்த விரலைத் தானே அழுத்திவிடலாம் போல இருந்தது. பிறகு காதில் ஒரு சின்ன முனையை வைத்து இன்னொரு சோதனை. திரையில் கோடு ஓடியது.

"இது மலை மாதிரி ஏறி இறங்கணும். பாருங்க, தரையா கிடக்கு. ரெண்டு காதும் இப்படித்தான்" என்றார் டாக்டரம்மா.

ஆனந்தவள்ளி திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். "செவிடா?"

"இல்லம்மா. செவிப்பறைக்குப் பின்னால தண்ணி கட்டியிருக்கு. மூக்குக்குப் பின்பக்கத்திலிருந்து காதுக்குப் போற ஒரு சின்னக் குழாய் எல்லாருக்கும் உண்டு. எச்சில் விழுங்கும்போது அண்ணத்துத் தசை இழுத்து அதைத் திறந்துவிடும், காதுக்குள்ள காத்துப் போகும். அண்ணம் பிளந்து பிறந்த பிள்ளைகளுக்கு அந்தத் தசை ஒழுங்கா இழுக்காது. அண்ணத்தைத் தைச்ச பிறகும் பல பேருக்கு அப்படித்தான். காத்துப் போகாத இடத்துல நீர் ஊறிப் பசை மாதிரி ஆயிடும். இந்தப் பிள்ளைகள்ல ரொம்பப் பேருக்கு இது வரும். ரெண்டு காதுலயும் பஞ்சை அடைச்சிக்கிட்டு நம்ம பேச்சைக் கேட்டுப் பாருங்க. அப்படித்தான் அவளுக்கு."

"ஆனா அருவியில..." என்று பாம்புச் செவிக் கதையைச் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார்: "கேட்டிருக்க மாட்டா. உதட்டைப் பார்த்திருப்பா. அருவியில எல்லாரும் கத்தித்தான் பேசுவீங்க, அங்க அவளும் மத்தவங்களும் சமம். சரி, வீட்டுல நீங்க எப்படிப் பேசுவீங்க?"

துணைக்கு வந்திருந்த ஹைருன் பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உடனே ஆப்பரேஷன் என்று சொல்லியிருந்தால் ஆனந்தவள்ளி அன்றே பிள்ளையைக் கொடுத்துவிட்டு வராந்தாவில் நடக்க ஆரம்பித்திருப்பாள். டாக்டரம்மா சொன்னதோ வேறு. சில சமயம் நீர் தானாகவே வடியும். மூன்று மாதம் பார்ப்போம். அதுவரை முன்வரிசையில் உட்காரவையுங்கள், முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். வடியவில்லை என்றால் செவிப்பறையில் ஒரு சின்ன டியூப் வைக்கலாம்.

சும்மா காத்திருப்பது ஆனந்தவள்ளிக்குத் தெரியாத வேலை. மந்திரமூர்த்தி சாரைப் பார்க்கப் போனாள். அவர் பதறிப்போய் அன்றைக்கே அபர்ணாவைத் தன் மேஜைக்கு எதிரே உட்காரவைத்தார். கரும்பலகையைப் பார்த்துப் பேசுகிற பழக்கத்தை விடப் பாடுபட்டார். பாதி வாக்கியத்தில் நினைவு வந்து சடக்கென்று திரும்புவார், சுண்ணாம்புக்கட்டி முறியும். நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சிக் காதில் விடச் சொன்ன உறவுக்காரியை ஆனந்தவள்ளி வாசலோடு திருப்பி அனுப்பினாள். தெருவில் போகிற பிள்ளைகளின் பின்னால் போய் விரலைச் சொடுக்கி, திரும்புகிறார்களா என்று பார்த்தாள். ஓய்வு நாளொன்றில் தன் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு வீட்டு வேலை, கடை, பஸ் எல்லாம் பார்த்தாள். கண்டக்டர் கேட்டது புரியவில்லை. காய்க்காரி சிரித்தது தன்னைப் பார்த்தா என்று தெரியவில்லை. ஒவ்வொரு வாயையும் உற்றுப் பார்த்து, விடுபட்டதை ஊகித்து, சாயங்காலத்துக்குள் தலை விண்விண்ணென்று தெறித்தது.

"பள்ளிக்கூடம் விட்டு வந்தா ஏன் சிடுசிடுங்கான்னு இப்பத்தான்க்கா தெரியுது. நாள் பூரா வேலை பாத்துட்டுல்லா வருதா" என்றாள் ஹைருன் பீவியிடம். அன்று அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். தெருவே அதைப் பார்த்தது.

ஐப்பசி வந்தது. மறுபடி பார்த்தபோதும் திரையில் கோடு அதே தரையாகக் கிடந்தது. டியூப் வைக்கலாம் என்றதற்குப் போனில் இசக்கிராஜா பிடி கொடுக்கவில்லை.

"உதட்டுக்கு ஒண்ணு, அண்ணத்துக்கு ஒண்ணு. இன்னும் எத்தனை தடவை அந்தப் பச்சைத் துணிக்காரங்க கையில பிள்ளையக் குடுக்க? வளந்தாச் சரியாவும்னு சொல்லுதாவல்லா?"

"ஆவலாம்னாங்க. இல்லைங்கல. ஆனா அது வளருறதுக்குள்ள ரெண்டாங் கிளாஸ் போயிரும், மூணாங் கிளாஸ் போயிரும். இப்பவே பாதிப் பாடத்த அவ காதால கேக்கல, கண்ணால பொறுக்குதா."

"மயக்க மருந்து குடுத்து எந்திரிக்கலைன்னா?"

அவள் நடப்பதை நிறுத்தினாள். அண்ணத்து ஆப்பரேஷனுக்கு அவன் லீவில் வந்திருந்தான். பிள்ளையை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போன கதவைப் பார்த்தபடி, துப்பாக்கி பிடிக்கிற அந்த மனுஷன் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றது கண்ணுக்கு முன் வந்தது.

"எந்திரிப்பா" என்றாள். "எனக்கும் பயந்தான். ஆனா கையக் கட்டிக்கிட்டு இருக்க என்னால முடியாதுங்க."

"அப்ப ஆப்பரேஷன் அன்னைக்குப் பூரா எங்கூடப் போன்லயே இரு" என்றான் இசக்கிராஜா.

கார்த்திகையில் நாள் குறித்தார்கள். சின்ன வேலைதான் என்றார்கள். அது முடியும்வரை ஆனந்தவள்ளி வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போனைக் காதில் வைத்தபடி நடந்தாள். அந்தப் பக்கமும் பேச்சில்லை, இந்தப் பக்கமும் பேச்சில்லை. "உக்காருங்கம்மா, பாக்க எனக்கு மயக்கம் வருது" என்று வாட்ச்மேன் சொன்னார்.

விழித்ததும் அபர்ணா கொஞ்சம் வாந்தி எடுத்தாள். பிறகு வார்டின் கூரையைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"அது ஏன் கத்துது?"

மின்விசிறி. கிரீச் கிரீச்சென்று அது காலையிலிருந்தே சுற்றிக்கொண்டிருந்தது. ஆனந்தவள்ளி, இதற்குள் திரும்பி வந்திருந்த பழைய குரலில், "அபர்ணா..." என்றதுதான் தாமதம், பிள்ளை போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். "மெள்ளம்மா!"

வீட்டுக்கு வந்தபின் எல்லாம் இனிப்பாக முடிந்துவிடவில்லை. குக்கர் விசிலுக்கு அழுதாள். மந்திரமூர்த்தி சாரின் பேச்சு நன்றாகக் கேட்டது; பின்னால் இருந்து பையன்கள் "மூக்கி" என்று தன்னைச் சொல்வதும் இப்போதுதான் கேட்டது. அன்றைக்கு வந்து புத்தகப்பையை வீசினாள். எல்லாவற்றையும்விடப் பெரிய சண்டை அருவிக்காக. காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது. டியூப் இருக்கும்வரை அருவிக் குளியல் இல்லை. வீட்டில் தலைக்கு ஊற்றினாலும் பஞ்சில் வாசலைன் தடவி அடைத்துத்தான். மாலை போட்ட ஐயப்பமார் கூட்டம் அருவியில் நெரிபட, அபர்ணா பூத்துத் திண்டில் காலை உதைத்துக்கொண்டு அழுதாள்.

"எல்லாரும் குளிக்காவ. உம் பேச்சக் கேட்டு வந்தேன் பாரு! எனக்கு டியூபும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்."

ஆனந்தவள்ளி கூட்டத்தைப் பார்த்துக் கத்திவிட்டு, திரும்பி, மகளிடம் மட்டும் குரலை இறக்கப் பார்த்தாள். இறங்கவில்லை, பாதி வழியில் கட்டையாக நின்றது. குரலை இறக்கக் கற்றுக்கொள்ள அவளுக்கு இருக்கிற ஒரே பள்ளிக்கூடம் வீடுதான். அங்கேதான் தினமும் பழகினாள். தொடங்கும்போதே அபர்ணா ஒரு விரலை உயர்த்துவாள்; இவள் குறைத்துக்கொள்வாள். தெருக்காரர்களுக்கு இப்போது அவர்கள் வீட்டில் என்ன குழம்பு என்று தெரிவதில்லை.

மார்கழியில் ஒருநாள் சாயங்காலம் ஆனந்தவள்ளி அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டே போனில் பேசினாள். முன்னறையில் அபர்ணா அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஆடியிலிருந்தே ஆப்பரேஷன் பேச்சையெல்லாம் ஆனந்தவள்ளி பிள்ளைக்கு முதுகைக் காட்டி, தாழ்ந்த குரலில்தான் பேசுவாள். உதடு தெரியாவிட்டால் போதும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பழக்கத்தில் இன்றும் அடுப்பைப் பார்த்து நின்றாள்.

"செக்கப்புக்குப் போயிட்டு வந்தோம். டியூப் அங்கனதான் இருக்கு, நல்லாருக்கு. ஆனா அது ஒரு வருசம், மிஞ்சிப்போனா இன்னும் கொஞ்ச நாளு நிக்குமாம். பொறவு தானா விழுந்துரும்."

"விழுந்தா?"

"மறுபடி தண்ணி கட்டலைன்னா சரி. கட்டுனா மறுபடி வைக்கணும். இந்த மாதிரிப் பிள்ளையளுக்கு ரெண்டு மூணு தடவைகூட வேண்டி வருமாம். நானும் கேட்டுக்கிட்டு வந்திருக்கேன், என்ன செய்ய?"

இசக்கிராஜா பெருமூச்சு விட்டான்.

"நான் வர மாட்டேன்."

சொன்னது இசக்கிராஜா அல்ல. ஆனந்தவள்ளி தோசைக் கரண்டியோடு திரும்பினாள். முன்னறையில் அபர்ணா அப்படியே குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். தலைகூட நிமிரவில்லை. இரட்டைச் சடைக்கு நடுவில் பிடரி மட்டும் தெரிந்தது.

"எங்கன வர மாட்ட?" என்று மெள்ளக் கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு. மறுபடி வைக்கணும்னு அப்பாட்ட சொல்லுதேல்லா. ஊசி போடுவாவ. நான் வர மாட்டேன்."

தோசை கருகும் வாசனை வந்தது. "ஹலோ, என்னாச்சி? யாரு பேசுதா?" என்று போனில் இசக்கிராஜா கேட்டுக்கொண்டிருந்தான். பிள்ளைக்குக் கேட்டுவிட்டதே என்று ஆனந்தவள்ளிக்கு மாலை மாலையாகக் கண்ணில் நீர் வந்தது. அதே நேரத்தில், இந்தப் பயத்தைப் பிள்ளையின் காதில் தானே போட்டுவிட்டோமே என்று நெஞ்சு பதைத்தது.

"இப்ப இல்லட்டி. அப்பா சும்மா கேட்டாவ. நீ எழுது" என்றாள்.

"இருங்க" என்று போனில் சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தாள். அடுக்களைக்கு ஒரு கதவு உண்டு. அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து சுவரோடு சாய்ந்தே கிடந்து, சாரலில் ஊறி உப்பிப்போன கதவு. ஆனந்தவள்ளி அதன் பின்னால் மாட்டியிருந்த பைகளை எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு தோளைக் கொடுத்துத் தள்ளி, ஓசைப்படாமல் அதைச் சாத்தினாள்.